சுருதி இறங்கிய மாலைகள்

அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு சுருதி, இரவு ஏழு மணிக்கு வேறு சுருதி. எழுபதுகளில் சீரங்கத்து எங்கள் வீட்டில் எம்.எஸ். அம்மா ஒரே இசைத்தட்டிலிருந்து இப்படித்தான் பாடினார்.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். மேடை ஏறாத வயலின்காரர். ரெக்கார்டு பிளேயரில் எல்.பி. தட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து கூடவே வாசிப்பார். காலையில் தட்டோடு சேரும்படி கட்டிய தந்திகளைச் சாயங்காலம் பிரடையைத் திருப்பி இறக்குவார். மறுநாள் விடியலில் திரும்ப ஏற்றுவார். தந்தி அறுந்துபோன நாட்களும் உண்டு. “சாயங்காலமானா அம்மாவுக்குக் களைப்பு வந்துடும்டா” என்பார். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அதை அப்படியே நம்பினேன்.

காரணம் தெரிய எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று. மின்பொறியாளராக வேலைக்குச் சேர்ந்து, எண்பதுகளின் நடுவில் மின்சுமைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே சுவரில் ஒரு ஃப்ரீக்வென்சி மீட்டர். உள்ளே வருகிற யாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்போது நடப்பில் இருந்த 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளின்படி 50 ஹெர்ட்ஸிலிருந்து 3 சதவீதம் வரை விலகலாம். அதாவது 48.5 வரை இறங்கலாம். விளக்கு வைக்கும் நேரத்தில் தேவை ஏறும், உற்பத்தி போதாது. தொகுப்பில் இணைந்திருக்கிற ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்ட மாடுகள் மாதிரி. சோர்ந்தால் எல்லாமே சேர்ந்து சோரும். முள் 48.5-ஐத் தாண்டி இறங்கும். 48-ஐத் தொட்ட மாலைகளும் உண்டு. துணைமின் நிலையங்களுக்குப் போன் போட்டு, எந்த ஃபீடரை எத்தனை நிமிடம் நிறுத்துவது என்று சொல்வது எங்கள் வேலை.

அப்படி ஒரு மாலையில்தான் அப்பாவின் பிரடை நினைவுக்கு வந்தது. லாக் புத்தகத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். 50-க்கு 48 என்றால் 4 சதவீதம் குறைவு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய எல்.பி. தட்டு, சரியாக 32 சுற்று சுற்றும். இருபது நிமிடப் பக்கம் முடிய 50 விநாடி கூடுதலாகும். சுருதி அரைக் கட்டை இறங்க சுமார் 6 சதவீதம் குறைய வேண்டும். 4 சதவீதம் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. அப்பாவின் காது அதை எப்படித் தவறவிடும்? களைத்துப்போனது தென்னகத்து மின்தொகுப்பு. அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப எது அவங்களோட நிஜமான சுருதி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் வழியாகத்தான் ரெக்கார்டு பிளேயரின் சரித்திரத்துக்குள் நான் போனேன்.

இசைத்தட்டின் வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1887-ல் எமில் பெர்லினர் கிராமபோனுக்கு உரிமம் பெற்றார். ஆரம்பகால கிராமபோனைக் கையால் சுற்ற வேண்டும். கைக்குத் தக்கபடி பாட்டு. பிறகு சாவி கொடுக்கும் ஸ்பிரிங் மோட்டார் வந்தது. கடைசியாக மின்மோட்டார். 78 என்று நாம் சொல்லும் வேகம் சரியாக 78 கிடையாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும் மோட்டாரை 46-ல் ஒரு பங்காகப் பல்சக்கரத்தால் குறைத்தால் 78.26 வரும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் அதற்கு நெருக்கமாக வாய்த்த எண் 77.92. மின்நிலையத்து ஜெனரேட்டரின் சுழற்சியே தட்டின் சுழற்சியையும் முடிவு செய்தது. 1948-ல் கொலம்பியா கம்பெனி 33⅓ எல்.பி.யையும், அடுத்த வருடம் ஆர்.சி.ஏ. விக்டர் 45-ஐயும் கொண்டுவந்தபோதும் இந்த அடிமைத்தனம் மாறவில்லை. மோட்டார் வேகமாகச் சுற்றும். அந்தச் சுழற்சியை ஒரு ரப்பர் சக்கரமோ ரப்பர் பெல்ட்டோ குறைத்துத் தட்டுக்குத் தரும். ரப்பர் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் பள்ளம் விழும், தட்டு தடக் தடக்கென்று ஓடும். பெல்ட் காலப்போக்கில் தளரும். எல்லாம் சரியாக இருந்தாலும் மூல மின்சாரம் தளர்ந்தால் பாட்டும் தளரும்.

இந்தத் தளையை ஜப்பானின் ஒசாகாக்காரர்கள் அறுத்ததில் எனக்கு வியப்பில்லை. உலகத்திலேயே ஒரே நாட்டுக்குள் இரண்டு ஃப்ரீக்வென்சி வைத்துக்கொண்டு வாழ்கிற பெரிய தேசம் ஜப்பான். 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர்களை வாங்கியது. ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கியது. இன்றைக்கும் ஷிசுவோகாவின் ஃபூஜி ஆற்றிலிருந்து நீகாட்டாவின் இடோயிகாவா வரை கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று ஓடுகிறது. கிழக்கே 50, மேற்கே 60. ஏ.சி. மோட்டார் வைத்த பிளேயரோடு டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு வீடு மாற்றினால் புல்லியையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பாட்டு 20 சதவீதம் வேகமாக ஓடும். எங்கள் அப்பாவுக்கு 4 சதவீதம்தான். அதற்கே பிரடை தேய்ந்தது.

ஒசாகா மாகாணத்தின் கடோமா நகரில் தலைமையகம் வைத்திருந்த மட்சுஷிதா கம்பெனி, 1965 முதல் தன் உயர்தர ஒலிக்கருவிகளுக்கு டெக்னிக்ஸ் என்று பெயர் வைத்து விற்றது. அங்கே ஷூயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளரும் அவருடைய குழுவும் எடுத்த முடிவு, கேட்க எளிமையாக இருக்கும். நடுவில் எதுவும் வேண்டாம், மோட்டாரின் அச்சிலேயே தட்டை உட்கார வை. செய்வதுதான் கஷ்டம். அத்தனை மெதுவாகச் சுற்றும் மோட்டார், காந்தத்துக்குக் காந்தம் தாவும்போது துளித்துளியாக உதறும். அந்த உதறல் முள்ளில் ஏறிப் பாட்டில் கேட்கும். பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார், வேகத்தைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும் மின்சுற்று, உதறலை விழுங்கிவிடும் கனமான அலுமினியத் தட்டு இவற்றைச் சேர்த்து அவர்கள் அதைச் சாதித்தார்கள். எஸ்பி-10 என்ற அந்த மாடல் 1970-ல் விற்பனைக்கு வந்தது. உலகத்தின் முதல் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் அது. சுவரில் வருவது 50-ஆ 60-ஆ என்று அதற்குக் கவலையில்லை. அடுத்த ஐந்தாறு வருடத்தில் அதற்கு ஒரு குவார்ட்ஸ் படிகத்தையும் வைத்தார்கள். கைக்கடிகாரத்தில் நொடியை எண்ணுகிற அதே சங்கதி, பாட்டுக்கும் காலக் கணக்கு வைத்தது.

எஸ்பி-10 ரேடியோ நிலையங்களுக்கான கனவான். வீட்டுக்கு வந்தது அதன் தம்பி, 1972-ல் வெளியான எஸ்எல்-1200. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அதைச் செய்தவர்கள் கணக்கில் வைத்திருக்கவே மாட்டார்கள்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன், கூல் ஹெர்க் என்று பெயர் எடுத்தவர், பாட்டு போட்டார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனியாக வரும் சில விநாடிகளில்தான் கூட்டம் ஆடித் தீர்க்கிறது என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் போட்டு, அந்தத் துண்டையே மாற்றி மாற்றி நீட்டினார். பார்படோஸிலிருந்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். அந்த வேலையைத் துல்லியமாக்கினார். கிராண்ட் விஸார்ட் தியோடர் என்ற சிறுவர் ஓடும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து அந்தச் சத்தத்தையே வாத்தியமாக்கினார். கோடையில் பூங்காக்களில், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துக் கச்சேரி நடந்தது. மின்பொறியாளனாக எனக்கு அதைப் படிக்கையில் நெஞ்சு பதறுகிறது. ஆனால் இதையும் யோசித்தேன்: கம்பத்திலிருந்து இழுத்த நீண்ட கம்பியில் அழுத்தம் எப்படி ஏறி இறங்கியிருக்கும்! அந்த ஏற்ற இறக்கத்தைத் தாளத்துக்குப் போகவிடாமல் உள்ளேயே சமாளிக்கிற மோட்டார் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தட்டைக் கையால் நிறுத்தினால் பெல்ட் வழுக்கும், நீளும். நேரடி மோட்டாரில் வழுக்க எதுவும் இல்லை. கம்பளித் துணி போன்ற மெத்தையின் மேல் இசைத்தட்டு நிற்கும், அடியில் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். கையை எடுத்த கணம் பாட்டு முழு வேகத்தில் புறப்படும்.

1979-ல் வந்த எஸ்எல்-1200 எம்கே2-ஐ மட்சுஷிதா இந்த உபயோகத்தை மனதில் வைத்தே செய்தது. குவார்ட்ஸ் பூட்டு, 8 சதவீதம் ஏற்றவும் இறக்கவும் நீளமான பிட்ச் ஸ்லைடர், நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் முழு வேகம், 12.5 கிலோ எடை. ரப்பரையும் கனமான உலோகத்தையும் அடுக்கிய அடிப்பகுதி, பக்கத்தில் ஸ்பீக்கர் அதிர்ந்தாலும் முள் குதிக்காமல் காக்கும். பெரிய மாற்றம் இல்லாமல் முப்பது வருடம் ஓடிய மாடல் அது. 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கேட்டவர்களின் வற்புறுத்தல் ஓயவில்லை. 2016-ல் புதிய மோட்டாரோடு அதே பெயரில் திரும்ப வந்தது.

என்னுடையது பழைய எம்கே2. ஒசாகாவில் வேலை பார்க்கும் மகள், நிப்போன்பாஷி கடைத்தெருவில் பழைய ஒலிக்கருவி விற்கும் கடையொன்றில் எனக்காக வாங்கினாள். நான் அவளுக்குச் சொன்னது மூன்று விஷயம். டோன் ஆர்மை விரல் நுனியால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார், பேரிங்கில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். மோட்டாரை ஓடவிட்டு, அலுமினியத் தட்டின் ஓரத்தில் வேகம் காட்டும் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றனவா பார். பெட்டியில் கட்டும்போது அலுமினியத் தட்டையும் பின் எடையையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்று, ஆர்மை அதன் பிடியில் பூட்டிக் கட்டு. தட்டைப் போட்டபடியே அனுப்பி அச்சு கெட்டுப்போன மெஷின்கள் ஏராளம்.

பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது, அது டி.ஜே. ஒருவரிடம் வாழ்ந்த மெஷின். ஸ்லைடரில் சிகரெட் கறையும் தூசியும். நடுவில் இருந்து கொஞ்சம் நகர்த்தினால் வேகம் தாவியது. வெளியே வரும் ஆர்.சி.ஏ. கம்பியின் ஒரு பக்கம் உள்ளே நைந்து, இடது சேனல் வந்து வந்து போனது. முள் தேய்ந்து தட்டையாகிவிட்டது. இதெல்லாம் குறையே இல்லை. ஆர்மும் மோட்டாரும் நன்றாக இருந்தால் மற்றது எல்லாம் கையால் செய்யக்கூடிய வேலை.

ஸ்லைடருக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது தடவை மேலும் கீழும் ஓட்டினேன், தாவல் போய்விட்டது. தட்டை எடுத்தால் அச்சு தெரியும். இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். தட்டின் அடியில் வளையமாகக் காந்தம் ஒட்டியிருக்கும். கீழே உடலில் இருப்பது சுருள்கள் மட்டும். தட்டேதான் மோட்டாரின் சுழலும் பாதி. ஒபாட்டாவின் யோசனை இங்கே முடிவான வடிவம் எடுத்திருக்கிறது. அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் திருகிச் சமன் செய்தேன். மகளே கொண்டுவந்த ஆடியோ-டெக்னிக்கா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லில் பூட்டினேன். ஹெட்ஷெல் ஆர்மோடு சேரும் விளிம்பிலிருந்து முள் நுனி 52 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அது இந்த ஆர்முக்கு டெக்னிக்ஸ் சொன்ன அளவு. அரை மில்லிமீட்டர் தவறினாலும் தட்டின் உள்வட்டத்தில் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறும். பின் எடையைத் திருகி ஆர்மைக் காற்றில் கிடையாக மிதக்கவிட்டு, அந்த இடத்தைப் பூஜ்யமாக்கி, 2 கிராம் கொடுத்தேன். மின்னணுத் தராசில் வைத்துச் சரிபார்த்தேன். பக்கவாட்டு இழுப்புக்கு ஈடு கொடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் 2. ஆர்ம் உயரத்தை அதன் அடி வளையத்தால், முள் தட்டில் இருக்கும்போது ஆர்ம் கிடையாக நிற்கும்படி வைத்தேன். டி.ஜே.யின் துணி மெத்தை போய்க் கனமான ரப்பர் மெத்தை வந்தது.

எதை எதற்கு முன் மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து திட்டவட்டமானது. பணத்தை முதலில் முள்ளுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் கொடுங்கள். அடுத்தது கம்பி. எம்கே2-வில் கம்பி உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை அறுத்துவிட்டுப் பின்புறம் சாக்கெட் வைத்தேன், எர்த் வயரையும் புதிதாக்கினேன். ஆர்முக்குள் ஓடும் தலைமுடி போன்ற கம்பிகளை மாற்றுவது, விலையுயர்ந்த கால்களைப் பூட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு. மோட்டாரைத் தொட வேண்டாம். அதில் திருத்த ஒன்றும் இல்லை.

ஒரு வேலையை மட்டும் நான் ஆசையாகச் செய்தேன். ஜப்பானிய மாடல் 100 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் நேராகச் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் தட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சில கார்ட்ரிட்ஜ்களில் ரீங்காரமும் கேட்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து. சர்க்கியூட் டயகிராமில் இருக்கும் அழுத்தத்துக்குத் திருச்சியில் காயில் சுற்றும் ஒருவரிடம் 230 வோல்ட் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கி, உலோகப் பெட்டிக்குள் வைத்து, ஃபியூஸ் போட்டு, மெஷினுக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். மின்வேலை தெரியாதவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. அவர்களுக்குக் கடையில் கிடைக்கும் 100 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அப்பாவின் பழைய பிளேயரும் சரியான சுருதியில்தான் பாடும். 2003 ஜனவரி முதல் தென்னகத்தில், ஃப்ரீக்வென்சி இறங்கிய நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் கூடுதல் விலை என்ற முறை வந்தது. முள் மெல்ல மெல்ல மேலே ஏறியதை நான் தினமும் கண்ணால் பார்த்தேன். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. ஒசாகாக்காரர்கள் பிளேயருக்குள் செய்ததை நாங்கள் நாடு முழுவதற்கும் கம்பி இழுத்துச் செய்தோம். அவர்களைவிட எங்களுக்கு அதிக காலம் பிடித்தது. அப்பா இரண்டையும் பார்க்காமல் 1994-லேயே போய்விட்டார்.

எங்கள் குடியிருப்பில் மின்வெட்டு வந்தால் டீசல் ஜெனரேட்டர் ஓடும். போன ஆடி மாதம் அக்கா வந்திருந்தாள். அப்பாவின் வயலின் அவளிடம்தான் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு அதே எம்.எஸ். தட்டைப் போட்டுத் தந்திகளைச் சேர்த்தாள். இரவு ஏழரைக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தது. சுமை குறைவாக இருந்ததால் என் மல்டிமீட்டரில் 51.6 ஹெர்ட்ஸ் காட்டியது. 3 சதவீதத்துக்கும் மேல் அதிகம். அப்பாவின் பிளேயராக இருந்தால் தந்தியை ஏற்றியிருக்க வேண்டும்.

“அக்கா, இப்ப வாசி” என்றேன்.

தட்டின் ஓரத்தில் சிவப்பு வெளிச்சத்தில் பெரிய புள்ளிகள் அசையாமல் நின்றன. அக்கா வில்லை எடுத்தாள். தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை வாசித்தாள். பிரடையை அவள் தொடவில்லை.